டிவிக்கு ஊதாச் சேலை

இதை நம்ம வயசுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். என் மகளிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "டிவிய மூடி வச்சா என்னம்மா, ஃபோன்ல பாத்துக்கிட வேண்டியதுதான?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். தலைக்குச் சாயம் அடிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற நீங்கள்தான் கேட்க வேண்டும். முன்பக்கம் மரத்தில் ஷட்டர் வைத்து, இரண்டு பக்கமிருந்தும் இழுத்து மூடுகிற டிவி உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும்.

எங்கள் வீடு திண்டுக்கல்லில், பேகம்பூருக்குப் போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. அப்பா சாணார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் ஆறாவது படித்தேன், தம்பி மூன்றாவது. தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு தவக்காலம் அது. கேபிள் எல்லாம் எங்கள் சந்துக்குள் இன்னும் வரவில்லை. அரசாங்க டிவி ஒன்றுதான், அதுவும் காற்று அடித்தால் ஆண்டெனாவைத் திருப்ப ஒரு ஆள் மாடிக்குப் போக வேண்டும்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று காலையில் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருவோம். வந்ததும் அப்பா செய்கிற முதல் வேலை, டிவியின் ஷட்டரை இழுத்து மூடி, அதன்மேல் அம்மாவின் பழைய ஊதாச் சேலையை நாலாக மடித்துப் போர்த்துவது. சின்னாளபட்டிச் சேலை. வெளுத்து, ஓரம் கிழிந்து, ஆனாலும் நல்ல ஊதா. பாடுகளின் வாரம் நெருங்கும்போது கோயிலில் மாதா, அந்தோணியார் சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடுவார்கள் இல்லையா, அதே முறை. கோயிலில் கடைசி இரண்டு வாரம்தான். எங்கள் வீட்டில் முதல் நாளிலிருந்து ஈஸ்டர் வரைக்கும். மாதாவுக்குக்கூட இம்புட்டு மரியாதை இல்லை என்று அம்மா முணுமுணுப்பாள்.

தவக்காலத்து நாற்பது நாளில் ஞாயிற்றுக்கிழமைகள் சேராது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எண்ணிப் பாருங்கள், சேர்த்தால் நாற்பதுக்கு மேல் போய்விடும். அப்பாவுக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும், "ஞாயித்துக்கிழமைக்குத் தொறந்துவிட்டா அப்புறம் ஒறுத்தல் எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். எங்கள் பங்குச் சாமியார் வீட்டு டிவி ஞாயிறு சாயங்காலம் நன்றாகவே ஓடியிருக்கும்.

அப்பாவைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். எங்களுக்கு டிவி இல்லை என்றால் அவருக்குக் காபியில் சர்க்கரை இல்லை, காலில் செருப்பு இல்லை. பங்குனி வெயிலில் வெறுங்காலோடு பஸ் ஏறிப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வருவார். சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அம்மா வெந்நீர் கொண்டுவந்தால் வேண்டாம் என்பார். ஊருக்காகச் செய்கிற பக்தி இல்லை அது. அதனால்தான் அவரை எதிர்த்துப் பேச எங்களுக்கு வாய் வந்ததில்லை.

எங்களுக்குப் பெரிய சோதனை வெள்ளிக்கிழமைதான். சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை. டிவியில் சினிமாப் பாட்டுப் போடுகிற நிகழ்ச்சியும் அதே வெள்ளி, கிட்டத்தட்ட அதே நேரம். கோயிலுக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். ஆண்டவர் இரண்டாம் முறை கீழே விழுகிற ஸ்தலத்தில் நாங்கள் முழந்தாளிடுவோம், அங்கே டப்பாங்குத்து தொடங்கும். தம்பியின் முழங்கால் தரையில் இருக்கும், இடுப்பு மட்டும் தாளத்தில் இருக்கும். பின்வரிசையிலிருந்து அப்பாவின் கை நீண்டு வந்து அவன் காதைப் பிடிக்கும். பதினாலு ஸ்தலமும் முடிந்து வெளியே வந்தால், பாட்டும் முடிந்து செய்தி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வீட்டில்தான் சித்தியும் இருந்தாள். அம்மாவின் தங்கை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது, பேச்சும் வரவில்லை. தெருவில் அவளை ஊமை என்பார்கள். அந்த வார்த்தையை நாங்கள் சொன்னால் அப்பாவிடம் அடி விழும். வெளியூரில் சிஸ்டர்கள் நடத்திய காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தாள். படிப்பு முடிகிற நேரத்தில் அவளைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். அப்பாதான் போய், "எனக்கு ரெண்டு பிள்ளையில்ல, மூணு" என்று சொல்லி, அவளையும் அவளுடைய தகரப் பெட்டியையும் கூட்டிவந்தார். தையல் மெஷினும் அவர்தான் வாங்கிக்கொடுத்தார். சந்தில் பாதிப் பேர் போட்டிருந்த ஜாக்கெட் அவள் தைத்ததுதான்.

அவளோடு நாங்கள் சைகையில் பேசுவோம். மீசையை முறுக்கினால் அப்பா. கழுத்தில் தாலியை இழுத்துக் காட்டினால் அம்மா. சடை நான். தம்பிக்கு அப்போது முன்பல் விழுந்திருந்ததால் பல்லைத் தொட்டால் தம்பி. சோறு, தண்ணீர், கோயில், தூக்கம், மழை, கோபம் எல்லாம் சேர்த்தால் ஒரு முப்பது இருக்கும். அந்த முப்பதை வைத்துக்கொண்டு அவளோடு நன்றாகப் பேசுகிறோம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். முக்கியமான விஷயம் என்றால் அப்பா தாளில் எழுதிக் காட்டுவார். 'நாளை சீக்கிரம் எழும்பவும்.' 'மெஷினுக்கு எண்ணெய் போடவும்.' வாத்தியார் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். அதில் ஒரு நாள்கூடக் கேள்விக்குறி இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சித்திக்கு டிவி என்றால் உயிர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஞாயிறு சாயங்காலம் படம் போட்டால் எங்களோடு உட்காருவாள். அதே ஞாயிறு மதியம் சாப்பாட்டு நேரத்திலும் தனியாக உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் டிவியில் இந்தியும் இங்கிலீஷுமாக ஏதாவது ஓடும். நாமெல்லாம் வேறு சேனல் இல்லாத பாவிகள், எழுந்து விளையாடப் போய்விடுவோம். "காது கேக்காதவளுக்கு எந்தப் பாஷை ஓடுனா என்ன, படம் அசைஞ்சாப் போதும்" என்று அம்மா சொல்வாள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

அந்த வருஷம் தவக்காலம் மூன்றாம் ஞாயிறு. பூசை முடிந்து அப்பா பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு இருந்துவிட்டார். அம்மா அடுப்படியில். தம்பியும் நானும் சந்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தோம். அப்பா வந்தார், சட்டையைக் கழற்றி மாட்டினார். ஊதாச் சேலை கோணலாகக் கிடந்ததைப் பார்த்தார். டிவியின் பின்பக்கம் கையை வைத்தார். நம்ம காலத்து அப்பாக்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. டிவி சுட்டது.

"ஏலே, யாருல தொறந்தது?"

தம்பியும் நானும் அந்தோணியார்மேல் சத்தியம் செய்தோம். என்ன நடக்கிறது என்பது சித்திக்கு முகங்களைப் பார்த்தே புரிந்துவிட்டது. வகுப்பில் தூக்குவது மாதிரி ஒரு கையைத் தூக்கி நின்றாள்.

அப்பா அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்காதே. அம்மாவின் பக்கம் திரும்பினார். "கோயிலுக்குப் போயிட்டு வந்த கையோட என்ன படம் வேண்டிக் கெடக்கு ஒந்தங்கச்சிக்கு? இதப் பாத்துப் பிள்ளைக என்னத்தக் கத்துக்கிடும்?"

"தனியாக் கெடக்குறா. செத்த நேரம் பாத்துட்டுப் போறா, விடுங்களேன்."

"ஆண்டவருக்காக நாப்பது நாளு பொறுக்க முடியாதா?"

மறுநாள் ஷட்டருக்குப் பூட்டு வந்தது. நம்ம ஊரில் பூட்டுக்கா பஞ்சம். சாவி அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. சித்தியிடம் ஒரு தாளை நீட்டினார். 'தவக்காலத்தில் டிவி பார்ப்பது பாவம். பாவசங்கீர்த்தனம் செய்யவும்.' அவள் வாசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

ஆனால் அடுத்த ஞாயிறு மதியம், அதே நேரத்துக்கு, தையலை விட்டு எழுந்து வந்து பூட்டிய டிவியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பிப் போனாள். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. அப்பா பயந்துவிட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது எங்களுக்குக் கோபமாகத்தான் தெரிந்தது.

"இது ஆசையில்ல, பைத்தியம். ஈஸ்டர் முடியட்டும், ஒட்டன்சத்திரத்துல ஒங்கண்ணன் வீட்டுல போயி இருக்கட்டும். அங்கன டிவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தன்னால சரியாப் போகும்."

அம்மா அழுதாள். மாமாவுக்குக் கடிதம் போயிற்று. ஈஸ்டர் அன்று சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறேன் என்று பதிலும் வந்தது. சித்தியிடம் அம்மாதான் சொன்னாள். பெட்டி, பஸ், மாமா, மூன்றே சைகை. எத்தனை நாளைக்கு, எதற்காக என்று சொல்ல எங்களிடம் சைகை கிடையாது. சித்தியும் கேட்கவில்லை. தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் துடைத்து வைத்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்து ஞாயிறு. அதற்கு முந்தின நாள் காலையில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் குடும்பத்தோடு போவது எங்கள் வீட்டு வழக்கம். நமக்கெல்லாம் பாவம் தேடுவதே பெரும்பாடு. அம்மா சொல்லைக் கேட்கவில்லை, தம்பியை அடித்தேன், செபம் சொல்லாமல் தூங்கினேன். வருஷா வருஷம் அதே மூன்றுதான். சித்தி மட்டும் எழுதித்தான் கொடுப்பாள். என் ரஃப் நோட்டை வாங்கி முழங்கால்மேல் வைத்து, இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். தாளைக் கிழித்து மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

கோயிலில் அவள் முறை வந்ததும் சாமியார் கூண்டை விட்டு வெளியே வந்து நாற்காலியில் உட்காருவார். தாளை வாசிப்பார், கையைத் தூக்கி மன்னிப்பு வழங்குவார், கிழித்துவிடுவார். அன்றைக்கு வாசிக்க ரொம்ப நேரம் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். அவள் தலையில் கையை வைத்தார், வைத்த கையைச் சீக்கிரம் எடுக்கவில்லை. பிறகு தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்து அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுத நோட்டைத் திறந்தேன். சித்தி அழுத்தி எழுதுகிறவள். அடுத்த பக்கத்தில் எழுத்தெல்லாம் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது. நீங்களும் செய்திருப்பீர்கள். பென்சிலைப் படுக்க வைத்து மெல்லத் தேய்த்தேன். கறுப்புக்கு நடுவில் வெள்ளை எழுத்து எழும்பி வந்தது.

'சாமி, அத்தான் வேண்டாம் சொன்ன பிறகு டிவி திறந்தேன். சினிமா பார்க்கவில்லை. ஞாயிறு மதியம் காது கேளாதவர்களுக்கு ஒரு அக்கா கையால் செய்தி சொல்லும். டில்லிக் கைப்பேச்சு, பாதி புரியும். பள்ளி விட்டு வந்து ஆறு வருஷம். என்னிடம் கையால் பேசுகிறது அந்த அக்கா மட்டும்தான். இது பாவமா? பாவம் என்றால் விடுகிறேன்.'

முதல் தடவை எனக்குப் புரியவில்லை. மூன்றாம் தடவை வாசித்தபோது புரிந்தது. அவளிடம் முழுசாக ஒரு பாஷை இருந்திருக்கிறது. விடுதியில் அத்தனை பிள்ளைகளோடு கையால் சண்டை போட்டு, கையால் புறணி பேசி, கையால் கதை சொல்லி வளர்ந்தவள், ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் சோறு, தண்ணீர், தூக்கம் என்றே இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுகைக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. பாவசங்கீர்த்தன இரகசியத்தை உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது சாமியாருக்கு. திருட்டுத்தனமாக வாசித்தவளுக்கு என்ன என்று யாரும் சொல்லித்தரவில்லை. சாவான பாவம்தான், நேரே நரகம், சந்தேகமே இல்லை. அதை அப்பாவிடம் சொன்னால் இன்னொரு சாவான பாவம். சொல்லாவிட்டால் சித்தி போய்விடுவாள். காலையில்தான் பாவசங்கீர்த்தனம் செய்து வெள்ளையாக வந்திருந்தேன், அந்த வெள்ளை ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

இப்போது கேட்டால் சிரிப்பீர்கள். பேசாமல் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்பீர்கள். பதினோரு வயதுக் கத்தோலிக்கப் பிள்ளைக்கு நரகம் எத்தனை பக்கத்தில் இருந்தது என்பதை மறந்துவிட்டீர்களா? பெரிய வியாழன் அன்று பாதம் கழுவுகிற சடங்கில் அப்பாவும் ஒருவராக உட்கார்ந்திருந்தார். வெடிப்பு விழுந்த அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இன்று சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பெரிய வெள்ளி கஞ்சியைக் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன தாயி, மேலுக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்லப்பா."

அன்று சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. சொன்னால்தானே பாவம், காட்டினால்? காட்டக் கூடாது என்று ஞானோபதேசத்தில் எங்கேயும் இல்லை.

ஈஸ்டர் வந்தது. அப்பா ஊதாச் சேலையை எடுத்து உதறி அம்மாவிடம் கொடுத்தார். பூட்டைத் திறந்தார். சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் வேகிற வாசனை சந்து முழுக்க இருந்தது. நாற்பது நாள் பட்டினி கிடந்த தம்பி டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டான். அப்பா சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். சித்தி டிவி பக்கம் திரும்பவே இல்லை. போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி வாசல் பக்கத்தில் தயாராக இருந்தது.

நான் நேரத்துக்காகக் காத்திருந்தேன். அந்தச் செய்தி தொடங்கியது. சேலை கட்டிய ஒரு அம்மாள், வேகமாக அசைகிற இரண்டு கை. தம்பி எழுந்து வெளியே ஓடினான். நான் போய் சித்தியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் மீசையை முறுக்கிக் காட்டி, தலையை ஆட்டினாள். அப்பா இருக்கிறார், வேண்டாம். நான் விடவில்லை. ஏறக்குறைய தூக்கிக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார வைத்தேன்.

"அவள ஏன் இழுக்குற? இது என்னது, கைய கைய ஆட்டிக்கிட்டு. வேற என்னமும் வந்தா பாப்போம்."

"செத்த நேரம் பாருங்கப்பா."

"இதுல என்னத்தப் பாக்க?"

"டிவிய இல்லப்பா. சித்தியப் பாருங்க."

சித்தி எங்களை மறந்துவிட்டிருந்தாள். மடியில் கிடந்த விரல்கள் மெல்ல அசையத் தொடங்கின. பிறகு கை மடியை விட்டு எழும்பியது. அந்த அம்மாள் ஏதோ சொன்னதற்கு இவள் புருவத்தைத் தூக்கினாள், இல்லை என்று மறுத்தாள், ஒன்றைத் திருப்பிக் கேட்டாள். ஏதோ ஒரு செய்திக்கு வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் நாங்கள் அதுவரை பார்க்காத ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். அம்மா கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள். அப்பா ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதத்தான் பாத்தாளா?"

"ஆமாப்பா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை. அம்மாவைப் பார்க்காமலே சொன்னார். "அந்தப் பெட்டிய உள்ள எடுத்து வையி. ஒங்கண்ணன் வந்தா பிரியாணி சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

பிறகு எழுந்து வந்து சித்தியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் திடுக்கிட்டுக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அப்பா சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தார். எழுதிக் காட்டியிருக்கலாம். வாத்தியார்தானே. என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை, பேனாவைத் தரையில் வைத்துவிட்டார். எங்களுடைய முப்பது சைகையிலும் அவருக்கு வேண்டியது ஒன்றுகூட இல்லை. பூசையின் தொடக்கத்தில் என் பாவமே, என் பாவமே என்று நாமெல்லாம் மார்பில் தட்டிக்கொள்வோமே, அதுதான் கடைசியில் அவருக்குக் கிடைத்தது. கையை மடக்கி மார்பில் ஒருமுறை தட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. இரண்டாம் முறை தட்டினார்.

மூன்றாவதற்குள் சித்தி அவர் கையைப் பிடித்துவிட்டாள். அக்கா புருஷனின் கையைத் தொடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா அப்படியே அசையாமல் இருந்தார். சித்தி அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கி வைத்தாள். அவர் தோளைத் தொட்டு, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிக் காட்டினாள். அவர் டிவியை மறைத்துக்கொண்டிருந்தார், செய்தி இன்னும் முடியவில்லை. அப்பா நகர்ந்து அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல், முடியும்வரை பார்த்தார்.